பின்கட்டு ரௌட்டர்

கள்ளக்குறிச்சி கடைவீதியை ஒட்டிய சந்தில் முகம்மது கவுஸின் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. வாசலில் புளிக்கடை. அதற்குப் பின்னால் கூடம், சமையல்கட்டு, வானம் தெரியும் முற்றம். முற்றத்தைத் தாண்டினால் ஓர் அறை. அந்த அறையின் சுவரை ஒட்டிக் கடைசியாகப் புளி மூட்டைகள் அடுக்கும் குடோன்.

முற்றத்துக்குப் பின்னால் இருந்த அந்த அறையில்தான் கவுஸின் மருமகள் ஷாஜியா இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் வீட்டுக்குள் இருக்க வேண்டிய காலம் அது.

கவுஸின் மூத்த மகன் ஜுல்பிகர் ஐப்பசி மழையில் இறந்தான். கல்வராயன் மலைமேல் கரியாலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் புளியும் கடுக்காயும் தேனும் வாங்கிக் கீழே கொண்டுவருவது அவன் தொழில். அன்று மழை விடுவதற்குள் இறங்கிவிடலாம் என்று பைக்கில் கிளம்பியவன், மண் சரிந்து கிடந்த ஒரு வளைவில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டான். மறுநாள் காலையில் மாடு ஓட்டிப்போனவர்கள்தான் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மூட்டையில் ஈரத் துணியும் வாட்சும் இருந்தன. போன் இல்லை. ஷாஜியா முதல் சில நாட்கள் அந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தாள். சுவிட்ச் ஆஃப் என்று ஒரு பெண் குரல் சொன்னது. அந்தக் குரலைக் கேட்கப் பிடிக்காமல் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

ஆனால் வாட்ஸ்அப்பில் எழுதுவதை விடவில்லை. மதியம் சாப்பாடு முடிந்து மாமியார் அத்தியா கண்ணசரும் நேரத்தில் அவனுக்கு ஒன்றிரண்டு வரி போடுவாள். இன்னைக்கு வஞ்சிரம் வாங்கினாங்க. உங்க நீலச் சட்டைய மாமி யாருக்கும் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. எனக்குத் தூக்கமே வரல. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒற்றை டிக் விழும். போய்ச் சேராது என்பது தெரிந்ததால்தான் அவளால் எழுத முடிந்தது.

தை பிறந்ததும் ஷாஜியா தன் வேலையைத் திரும்பத் தொடங்கினாள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக, வெளிநாட்டு மருத்துவமனைகளின் கோப்புகளுக்குக் குறியீடு போடும் வேலை. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் செய்யலாம். முன்பெல்லாம் கூடத்தில், ரௌட்டருக்குக் கீழேயே உட்கார்ந்து செய்வாள். இப்போது கூடத்துக்குக் கடை ஆட்கள் வருவார்கள், போவார்கள். பின்னறைக்கோ நெட் வரவில்லை. பழைய காலத்துச் சுண்ணாம்புச் சுவர்கள். கதவைத் திறந்து வைத்தால் ஒரு கோடு காட்டும், சாத்தினால் அதுவும் போய்விடும்.

ஜுல்பிகரின் தம்பி நவுஷாத் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தான். கடையிலிருந்து இன்னொரு ரௌட்டரைக் கொண்டுவந்து, முற்றத்துச் சுவரோரமாக வயர் இழுத்து, பின்னறையும் குடோனும் சேரும் மூலையில் வெளிப்பக்கமாக மாட்டினான். அறைக் கதவில் திரை தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேசினான்.

“அண்ணி, முன்னாடி இருக்கறதுலருந்து வயர் இழுத்து இதுல குடுத்துக்கீறேன். ரெண்டுத்துக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு வச்சிட்டேன். நீங்க கூடத்துலருந்து இங்க நடந்துகினே வந்தாலும் கட்டாவாது. தானா மாறிக்கும்.”

“அதே பேருதானா தம்பி?”

“அண்ணன் வச்ச பேருதான். ஜுல்பி ஹோம்.” அவன் மீதி வயரைச் சுருட்டினான். “மாத்தணும்னா சொல்லுங்க.”

“வேணாம். இருக்கட்டும்.”

போனில் நான்கு கோடும் நிறைந்து நின்றன. அன்று முழுவதும் வேலை தடையில்லாமல் ஓடியது. மறுநாள் மதியம் வழக்கம்போல வாட்ஸ்அப்பைத் திறந்து எழுதினாள்: நவுஷாத் தம்பி புது ரௌட்டர் போட்டுக் குடுத்துச்சு. இப்ப என் ரூமுக்கும் நெட்டு வருது.

அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று விழுந்தது.

ஷாஜியா போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள். இரண்டு டிக். மேலே தள்ளிப் பார்த்தாள். நேற்று எழுதியதற்கு இரண்டு டிக். போன வாரம் எழுதியதற்கும் இரண்டு. ஒரு மாதத்துக்கு முந்தியவை மட்டும் பழையபடி ஒற்றை டிக்கோடு இருந்தன. போனைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, ஏதோ சூடான பாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி விரல்களை உதறிக்கொண்டாள்.

சாயங்காலம் நவுஷாத் முற்றத்தில் கால் கழுவும்போது திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள். “தம்பி, வாட்ஸ்அப்புல ஒரு டிக்கு ரெண்டு டிக்கா எப்ப ஆவும்?”

“அந்தப் பக்கத்து போனு நெட்டுல வந்தா ஆவும் அண்ணி. ஏன்?”

“சும்மாதான்.”

யாரோ போனைக் கண்டெடுத்திருக்க வேண்டும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மலையில் எவனோ ஒருவன். ஆனால் ரௌட்டர் மாட்டிய பிறகுதானே இது நடந்தது? அந்த எண்ணத்தை அதற்கு மேல் போகவிடாமல் நிறுத்தினாள்.

அடுத்த நாள் அத்தியா குறட்டை விடத் தொடங்கியதும் கதவைச் சாத்திவிட்டு, வாட்ஸ்அப்பிலேயே அந்த நம்பரைக் கூப்பிட்டாள். திரையில் ‘காலிங்’ என்று வந்தது. பிறகு அது ‘ரிங்கிங்’ என்று மாறியது. வேண்டாம், வைத்துவிடு என்று மனசு சொன்னது. விரல் நகரவில்லை.

“சொல்லுபா முனியா,” என்றது ஜுல்பிகரின் குரல். “எப்பிடிக்கீற? பனி கொஞ்சம் அடங்கட்டும்பா, மேல வாரேன். புளிய உலுக்கிட்டியா?”

போன் அவள் கையிலிருந்து மெத்தையில் விழுந்தது. அதே குரல். வார்த்தையின் கடைசியை இழுத்து விழுங்கும் அதே விதம். ‘புளிய’ என்று சொல்லும்போது மூக்கில் ஏறும் அதே ஒலி. கதவு வரை ஓடியவள் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றுவிட்டாள்.

“அலோ? முனியா? காதுல வுழுதா?”

இந்தத் தடவை குரல் இரண்டு இடத்திலிருந்து வந்தது. முதலில் சுவரின் உச்சியில், குடோன் பக்கம் இருந்த காற்றுத்துளை வழியாக. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து மெத்தையில் கிடந்த போனிலிருந்து. பிறகு ஓர் இருமல். அதுவும் இரண்டு தடவை கேட்டது, சுவர் வழியாக ஒன்று, போன் வழியாக ஒன்று. அந்த இருமல் ஜுல்பிகருடையது அல்ல. காலையில் முற்றத்தில் முகம் கழுவும்போது தினமும் கேட்கும் இருமல்.

மாமா.

ஷாஜியா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் ஜுல்பிகருக்குப் போன் போட்டு, மாமனார் எடுத்ததை அறியாமல் கொஞ்சலாக ஏதோ சொல்லிவிட்டு வெட்கத்தில் ஒரு நாள் முழுக்க அவர் முன்னால் வராமல் இருந்தது நினைவுக்கு வந்தது. முகம் தெரியாதபோது அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே குரல்தான். போன் எப்படியோ மாமாவிடம் வந்திருக்கிறது. அதை யாருக்கும் சொல்லாமல் குடோனில் வைத்திருக்கிறார். புது ரௌட்டருக்கும் அதே பேர், அதே பாஸ்வேர்டு என்பதால் அது தானாகவே நெட்டில் சேர்ந்துகொண்டது. மலைக்காரர்கள் கூப்பிட்டால் மகனாகப் பேசுகிறார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கவுஸ் முற்றத்தில் உட்கார்ந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி, மஞ்சள் பாரித்த கண்கள். தட்டைப் பார்த்தபடியே கேட்டார். “மருமவளே, நெட்டு நல்லா வருதாம்மா?”

“வருது மாமா.”

“அப்ப சரி.”

அத்தியாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஷாஜியா நினைத்தாள். நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டாள். மறுநாள் மதியம் வந்தபோது அவள் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் அந்த நம்பரைக் கூப்பிட்டாள்.

“அலோ,” என்றது குரல். அவள் பேசவில்லை. “யாரு? சின்னதம்பியா?” பேசவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். காற்றுத்துளைச் சத்தம் காதில் விழாமலிருக்கப் போர்வையைத் தலைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்த இருட்டுக்குள் போனில் மட்டும் அவன் இருந்தான்.

அதற்கு அடுத்த நாள் அவள் வாயிலிருந்து தானாக வந்தது. “நான்தாங்க.”

அந்தப் பக்கம் கோணிச் சாக்கு உரசும் சத்தம். அவர் வைத்துவிடுவார் என்று நினைத்தாள். வைத்துவிட்டால் நல்லது என்றும் நினைத்தாள்.

“ஷாஜி,” என்றது குரல். “துன்னியா?”

இந்த வீட்டில் அவளை ஷாஜி என்று கூப்பிட்டவன் ஒருவன்தான். அவள் போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “துன்னேன். நீங்க?”

“ஆச்சி. இங்க குளுரு ஜாஸ்தி. ஜன்னல சாத்திக்கினு படு.”

“எப்ப வருவீங்க?”

“வாரேன். வேல முடியட்டும், வாரேன்.”

இப்படித்தான் அது பழக்கமாயிற்று. மதியத் தொழுகை முடிந்து கவுஸ் மூட்டை பார்ப்பதாகச் சொல்லிக் குடோனுக்குள் போவார். ஷாஜியா கதவைச் சாத்துவாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர். பேச்சு ஒன்றும் பெரிதாக இருக்காது. மழை, பனி, தலைவலி, குழம்பு. சாயங்காலம் முற்றத்தில் பார்த்தால் அவர் பழைய மாமனார், அவள் பழைய மருமகள். ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பதில்லை. தான் செய்வது தப்பு என்று ஷாஜியாவுக்குத் தெரிந்தது. தொழுகையில் உட்கார்ந்தால் துஆ கேட்கக் கை உயரவில்லை. ஆனாலும் மதியம் ஆனால் உடம்பு தானாகவே கதவுப் பக்கம் போயிற்று.

கவுஸ் மாறிக்கொண்டிருப்பதை அத்தியாதான் முதலில் சொன்னாள். “உங்க மாமாவப் பாத்தியா? ஜுல்பி மாதிரியே லுங்கிய ஒரு பக்கம் தூக்கிச் செருவுறாரு. நேத்து பாட்டு வேற முணுமுணுத்தாரு. அறுவது வயசுல இன்னா பாட்டு?” ஷாஜியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

ஒரு நாள் பேச்சு நடுவில் அந்தக் குரல் சொன்னது. “அருவில உன் செருப்பு ஒண்ணு அடிச்சிகினு போச்சே ஷாஜி. அதே மாதிரி பச்சக் கலரு செருப்பு கடையில பாத்தேன். வாங்கியாரட்டா?”

ஷாஜியா போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். கல்யாணமான மாசத்தில் கரியாலூர்ப் பக்கம் அருவி பார்க்கப் போனபோது அவளுடைய ஒற்றைச் செருப்பைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இருட்டின பிறகு, வெறுங்காலோடு யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் வந்தார்கள். மாமியாருக்குத் தெரிந்தால் திட்டுவாள் என்று அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அருவியில் செருப்பு போனது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

“யாரு சொன்னாங்க உங்களுக்கு?” என்றாள்.

“எது?”

“செருப்பு.”

“செருப்பா?” அந்தப் பக்கம் குழம்பியது. கிழவரின் சொந்தக் குரல் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. “நான் இன்னா சொன்னேன்?”

அவள் போனை வைத்தாள். அதோடு கூப்பிடுவதை நிறுத்தினாள். ஜுல்பிகர் என்றைக்கோ சிரிப்பாக அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அதை மாமாவிடம் கேட்டுத் தெளியும் தைரியம் அவளுக்கு வரவில்லை. மதிய நேரங்களில் போனை அணைத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். கம்ப்யூட்டரில் கண்ணை வைத்துக்கொண்டு வேலையில் மூழ்கப் பார்த்தாள்.

வியாழக்கிழமை மதியம் காற்றுத்துளை வழியாகச் சத்தம் கேட்டது.

“சொல்லு ஷாஜி.”

அவள் விரல்கள் கீபோர்டு மேல் நின்றன. போன் பெட்டிக்குள் அணைந்து கிடந்தது. அவள் கூப்பிடவில்லை.

“ம்... ம்... துன்னேன். நீ? தலவலி எப்பிடிக்கீது?” ஓர் இடைவெளி. பதிலைக் கேட்பது போல. பிறகு மெல்லிய சிரிப்பு. “வாரேன்னு சொன்னேன்ல. இந்த வாட்டி கண்டிப்பா வாரேன்.”

ஷாஜியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். யாரோடு பேசுகிறார்? தான் பேசாத பேச்சுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பதில் போய்க்கொண்டிருந்தது. இத்தனை நாள் அவளுக்காக அவர் மகனாக இருந்தார். இப்போது அவள் இல்லாமலேயே இருந்தார். அவரை இந்த இடத்துக்குக் கொண்டுவந்ததில் தனக்கும் பங்கு உண்டு என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ராத்திரி அத்தியாவிடம் பேசிவிடுவது என்று முடிவு செய்தாள். ஆனால் ராத்திரி அத்தியாவுக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது. படுத்துவிட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குக் கவுஸும் நவுஷாத்தும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். கடை பாதி சாத்தியிருந்தது. வாசலில் யாரோ “பாய், பாய்” என்று கூப்பிடும் சத்தம் கேட்டு அத்தியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். ஷாஜியா கூடத்துத் திரை வரைக்கும் வந்து நின்றாள்.

காலடியில் இரண்டு கோணி மூட்டைகளோடு ஒரு ஆள் நின்றிருந்தான். கரியாலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அலுப்பு முகத்தில் இருந்தது.

“ஜுல்பி பாய் இல்லீங்களா? நான் முனியன். மேலருந்து வாரேன். புளி கொட்ட எடுத்து வச்சி காத்துக்கினு இருக்கறன், இதோ வாரேன் அதோ வாரேன்னு சொல்றாரு, வரவே மாட்றாரு. அதான் நானே தூக்கியாந்துட்டேன்.”

அத்தியா கதவைப் பிடித்துக்கொண்டாள். “உனக்குச் சேதி தெரியாதாபா? ஜுல்பி மவுத்தாயிட்டான். செத்துப்போயி மூணு மாசத்துக்கு மேல ஆவுது.”

முனியன் சிரித்தான். சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். “இன்னா தாயி இப்பிடிச் சொல்ற? புதங்கெழம கூடப் பேசுனாரே. எம் பொண்ணு காதுகுத்துக்குக் கண்டிப்பா வாரேன்னாரே.”

“யாரு பேசுனது?”

“ஜுல்பி பாய்தான். அவரு கொரலு எனக்குத் தெரியாதா? எத்தினி வருசப் பழக்கம்.”

அத்தியா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு அவள் முகத்தில் வந்ததைத் திரை இடுக்கு வழியாகப் பார்த்த ஷாஜியா பயந்துபோனாள். அது துக்கம் அல்ல. மூன்று மாதமாகச் செத்துக் கிடந்த முகத்தில் யாரோ விளக்கைத் தூக்கிப் பிடித்த மாதிரி இருந்தது.

“எம்புள்ள உசுரோட கீறான்,” என்றாள் அத்தியா. “நான் அப்பவே சொன்னேன். மூஞ்சி ஊதிப்போயிருந்தது, அடையாளமே தெரியல. அவன் இல்ல அது. வேற யாரோ.” முனியனின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அந்நிய ஆண் என்பது அவளுக்கு நினைவில் இல்லை. “என்னிய கூட்டிகினு போ. மேல எங்க கீறான்னு காட்டு. இப்பவே வாரேன்.” செருப்பைக்கூடப் போடாமல் படியில் இறங்கிவிட்டாள்.

ஷாஜியா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இத்தாவில் இருப்பவள் கடைவாசலில், முன்பின் தெரியாத ஆள் முன்னால் நின்றாள்.

“மாமி, போவாதீங்க.”

“வுடு என்னிய.”

“மாமி, அது அவரு இல்ல. பேசுனது மாமா.”

அத்தியா திரும்பினாள். “இன்னா சொல்ற?”

“மாமாதான் பேசுறாரு. போனு மாமாகிட்ட கீது. எனக்குத் தெரியும்.” உள்ளே ஓடி, பெட்டியைத் திறந்து தன் போனை எடுத்து வந்தாள். மாமியாரின் கையைப் பிடித்து முற்றம் தாண்டிக் குடோனுக்குக் கூட்டிப்போனாள். கதவைத் தள்ளித் திறந்து அந்த நம்பரைக் கூப்பிட்டாள். புளிப்பு வாடை அடித்த அரை இருட்டில், மூட்டைகளுக்கு நடுவில் எங்கோ வண்டு மாட்டிக்கொண்டது போல ஒன்று ‘டர்ர்... டர்ர்...’ என்று அதிர்ந்தது.

அத்தியா சத்தம் வந்த இடத்தில் கையை விட்டுத் துழாவி எடுத்தாள். கண்ணாடி நொறுங்கி, கூப்பிடுவது யார் என்று எழுத்துத் தெரியாத போன். சார்ஜர் வயர் தொங்கியது. வெளிச்சத்தில் மகனின் படம் இல்லை. அவன் வைத்திருந்த ஏதோ மலைப்படம். அதை மார்போடு சேர்த்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்தாள். அதிர்வு நின்றபோது அவள் முகத்தில் ஏறியிருந்த வெளிச்சமும் போய்விட்டது. ஷாஜியா அவள் காலடியில் உட்கார்ந்து, தான் பேசியதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

கவுஸ் பள்ளியிலிருந்து வந்தபோது வாசலில் முனியன் கைகட்டி நின்றிருந்தான். அவனைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நேராகக் குடோனுக்கு வந்தார். வாசற்படியில் நின்றார்.

“பைக்க போலீஸ்ல திருப்பிக் குடுத்தாங்கல்ல,” என்றார் யாரும் கேட்காமலே. “சைடு பாக்ஸ்ல இருந்திச்சி. சார்ஜ் போட்டேன். எரிஞ்சிச்சி. ஆன் ஆன ஒடனே இவந்தான் கூப்ட்டான். ஜுல்பி பாய், நல்லாக்கீறியான்னான். நான் இன்னா சொல்றது? செத்துட்டான்னு சொல்ல வாயத் தொறந்தேன். நல்லாக்கீறேன்னு வந்துடிச்சி.” மூக்கை உறிஞ்சினார். “மலைல அவன் இன்னும் உசுரோட கீறான் அத்தியா. அங்க ஒருத்தருக்கும் தெரியாது. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல.”

அத்தியா கோபப்படுவாள் என்று ஷாஜியா நினைத்தாள். அத்தியா போனை அவர் பக்கம் நீட்டினாள்.

“மருமவகிட்ட பேசுன. ஊரு பேரு தெரியாதவங்ககிட்ட எல்லாம் பேசுன. எங்கிட்ட ஒரு வாட்டி பேசணும்னு தோணல இல்ல? பெத்தவ நான். எங்கிட்ட பேசு.”

“அத்தியா...”

“பேசு. அம்மான்னு கூப்புடு.”

கவுஸ் கண்ணை மூடினார். “ம்மா,” என்றார்.

அது அவன்தான். பசியோடு வீட்டுக்குள் நுழையும்போது சமையல்கட்டைப் பார்த்துக் கூப்பிடும் அதே கூப்பாடு. அத்தியா எழுந்து ஒரே எட்டில் போய் அவர் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடினாள்.

“வேணாம்,” என்றாள். “வேணாம். போதும்.”

அவள் கை அப்படியே இருந்தது. கவுஸ் அந்தக் கைக்குள்ளேயே அழுதார். இறப்பு நடந்த நாளிலும் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கவுஸ் முனியனைக் கப்ருஸ்தானுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவரும் அங்கே போனதில்லை என்பது அப்போதுதான் வீட்டில் தெரிந்தது. முனியன் மண்ணை ஒரு பிடி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ராத்திரி பஸ்ஸுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டான். மூட்டை இரண்டையும் திரும்பக் கொண்டுபோகவில்லை.

போன் அத்தியாவிடம் இருந்தது. அதை அணைக்கச் சொல்லி நவுஷாத் சொன்னபோது அவள் சம்மதிக்கவில்லை. அடுத்த சில வாரங்கள் அது எப்போதாவது அதிரும். அத்தியா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுப்பாள். “ஆமாபா. நான் அவங்கம்மா பேசறேன். ஜுல்பிகர் மவுத்தாயிட்டான். ஐப்பசியிலயே. மழையில. ஆமா.” அந்தப் பக்கத்து அழுகையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர்கள் வீட்டு நலம் விசாரித்துவிட்டு வைப்பாள். ராஜாம்பாள் என்றொரு மலைக்கிழவியிடம் அரை மணி நேரம் பேசினாள். ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தையைச் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பிறகு அடுப்புக்குப் போவாள். மாசி முடியும்போது அழைப்புகள் நின்றுபோயின.

இத்தா முடிந்த நாளில் ஷாஜியாவின் அம்மா வீட்டிலிருந்து வந்து கூப்பிட்டார்கள். கொஞ்ச நாள் போய் இருந்துவிட்டு, தானாகவே திரும்பி வந்தாள். பின்னறையில் வேலை தொடர்ந்தது. பச்சைச் செருப்பைப் பற்றி மாமாவிடம் அவள் கேட்கவில்லை. கேட்டால் அவரிடம் பதில் இருக்காது என்று அவளுக்குப் பட்டது.

கவுஸ் வீட்டில் பேசுவதையே வெகுவாகக் குறைத்துக்கொண்டார். கடை போன் அடித்தால் நவுஷாத்தை எடுக்கச் சொன்னார். ஆனாலும் ஒரு மனிதர் எவ்வளவு நாள் பேசாமல் இருக்க முடியும்? முற்றத்திலிருந்து, “யாருமா அங்க, கொஞ்சம் தண்ணி குடு,” என்று கூப்பிடுவார். முதுகைக் காட்டி நிற்கும் ஷாஜியாவுக்கு ஒரு கணம் எல்லாம் நின்றுபோகும். உடனே கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் திரும்பி, அந்த வெள்ளைத் தாடியையும் மஞ்சள் கண்ணையும் நன்றாகப் பார்த்துக்கொள்வாள். அவர் பேசி முடிக்கும் வரைக்கும் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நின்று கேட்பாள்.